வனத்து அந்தோனியாரின் பன்றி

எங்கள் ஊர்க் கோயிலில் வனத்து அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்கும். நீளத் தாடி, பழுப்பு அங்கி, கையில் கோல், கால் பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு பன்றிக்குட்டி. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கும் பதுவை அந்தோனியாரை எல்லோருக்கும் தெரியும். இவர் வேறு. எகிப்துப் பாலைவனத்தில் தவம் இருந்தவர். பதுவையாருக்கு ஒன்பது நூற்றாண்டு மூத்தவர். திருநாள் ஜனவரி 17, பொங்கல் முடிந்த கையோடு வரும். அன்று கோயில் வாசலில் பொங்கல் வைப்போம். மாடுகளைக் குளிப்பாட்டிக் கூட்டி வருவார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

சின்ன வயதில் உபதேசியாரிடம் கேட்டேன், "பன்றி எதுக்கு?" என்று. "அது பிசாசும்மா. அந்தோனியார் அடக்கிக் காலடியில வச்சிருக்கார்" என்றார். பார்த்தால் பிசாசு மாதிரி இல்லை. வீட்டு நாய்க்குட்டி மாதிரி அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். இருந்தாலும் பெரியவர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பன்றிக்கும், முப்பத்திரண்டு வருடம் நான் பிரசவ வார்டில் கையாண்ட ஒரு ஊசி மருந்துக்கும், அப்பத்தா விதைக் கம்பை உப்புத் தண்ணீரில் போட்டு அலசியதற்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மகள் பிரசவத்துக்காக ஜெர்மனியில் ஃப்ரைபர்குக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து எல்லாம் சுகமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், "அத்தை, பக்கத்துல பிரான்ஸ்ல ஒரு மியூசியம் இருக்கு, ஒரு காலத்துல ஆஸ்பத்திரிக்காக வரைஞ்ச படமாம், உங்களுக்குப் பிடிக்கும்" என்று கூட்டிப் போனார். ரைன் ஆற்றைத் தாண்டி ஒரு மணி நேரம். ஊர் பெயர் கோல்மார். மியூசியம் ஒரு பழைய கன்னியர் மடம், உண்டர்லிண்டன் என்று பெயர்.

அங்கே நடுவில் மரத்தில் செதுக்கிய அந்தோனியார் சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதே தாடி. பக்கத்தில் அதே பன்றி! காலடியில் இரண்டு சின்ன ஆட்கள், ஒருவர் கையில் சேவல், இன்னொருவர் கையில் பன்றிக்குட்டி, காணிக்கையாக. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்துப் படித்ததுதான் இதெல்லாம்.

இந்த அந்தோனியார் பெயரில் ஒரு துறவற சபை இருந்தது. அந்தோனியார் மருத்துவச் சகோதரர்கள். கிட்டத்தட்ட எழுநூறு வருடம், பெரும்பாலும் ஒரே ஒரு நோய்க்காக ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர் அந்தோனியார் நெருப்பு. 'புனித நெருப்பு' என்றும் சொன்னார்கள்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். கை கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பிக்கும். பிறகு எரிச்சல், தணலில் வைத்த மாதிரி. தொட்டுப் பார்த்தால் அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்திருக்கும், நோயாளியோ எரிகிறதே என்று கத்துவார். பிறகு தோல் கறுக்கும், காய்ந்து சுருங்கும், கடைசியில் விரலோ பாதமோ தானாகக் கழன்று விழும். பல நேரம் ரத்தம்கூட வராது. சிலருக்கு வேறு மாதிரி, வலிப்பு வரும், புத்தி கலங்கும். ரைன் பகுதியில் 857-ல் நடந்ததைச் சொல்லும் 'க்சாண்டன் ஆண்டுக்குறிப்பு' என்ற பழைய ஏட்டில், சாவதற்கு முன்பே உறுப்புகள் கழன்று விழுந்தன என்று இருக்கிறது. 1089-ல் லொரேன் பகுதியில் இந்த நோய் வந்ததை எழுதிய சிகேபேர் என்ற துறவி, கை கால்கள் கரி மாதிரி கறுத்துப் போனதாகவும், செத்தவர்களைவிடப் பிழைத்தவர்கள் பாடு மோசம் என்றும் எழுதினார்.

அந்தக் கடைசி வரியை நான் சும்மா கடந்து போக முடியாது. பயிற்சிக் காலத்தில் எனக்கு ஆறு வாரம் அறுவை சிகிச்சை வார்டு. ஒரு பெரியவர், பீடியும் சர்க்கரையும் சேர்ந்து காலைக் கருக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாக ஆனது, புண் ஆறியது, தையல் பிரித்தது நான்தான். டிஸ்சார்ஜ் எழுதிய அன்று காலையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாலையும் உட்கார்ந்திருந்தார். "யாரும்மா என்னைக் கூப்பிட வரப் போறா?" என்று கேட்டார், அழக்கூட இல்லை. மறுநாள் நான் டூட்டிக்கு வந்தபோது கட்டிலில் வேறு ஆள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. புண்ணை ஆற்றிவிட்டோம், அத்தோடு எங்கள் வேலை முடிந்தது. அந்தோனியார் சகோதரர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது.

சபை ஆரம்பித்த கதை இது. 1070 வாக்கில் ஜோஸ்லின் என்ற பிரபு கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து அந்தோனியாரின் எலும்புகளை பிரான்சில் தோஃபினே பகுதிக்குக் கொண்டுவந்தார். அவை வைக்கப்பட்ட கிராமத்துக்கு இன்றைக்கு சேந்த் அந்த்வான் லாபேய் என்று பெயர். கஸ்தோன் என்ற பிரபுவின் மகனுக்கு இந்த நெருப்பு வந்தது. அப்பா அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டார், மகன் பிழைத்தான். இரண்டு பேரும் தங்களையும் தங்கள் சொத்தையும் நோயாளிகளுக்கே கொடுத்துவிட்டு, எலும்புகள் இருந்த கோயில் பக்கத்தில் ஒரு விடுதி தொடங்கினார்கள். 1095 என்று வருடம் சொல்கிறார்கள். இரண்டாம் உர்பன் பாப்பரசர் சிலுவைப்போருக்கு அழைப்பு விட்ட அதே வருடம். மற்ற பிரபுக்கள் வாளை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பிய நேரத்தில் இந்த அப்பனும் மகனும் அழுகின கால்களைக் கழுவ உட்கார்ந்தார்கள். நான் இவர்கள் பக்கம்.

ஆரம்பத்தில் இவர்கள் சாமியார்களே இல்லை, சாதாரண குடும்பத்து ஆட்கள். 1218-ல் மூன்றாம் ஹொனோரியுஸ் பாப்பரசர் சபையாக ஏற்றார். பிறகு புனித அகுஸ்தீனார் பெயரில் உள்ள துறவு விதியைக் கைக்கொண்டார்கள். எலும்புகள் இருந்த கோயில் வேறொரு மடத்தார் கையில் இருந்ததால் காணிக்கை யாருக்கு என்று பல வருடம் வழக்கு, சண்டை, 1297-ல்தான் தீர்ந்தது. அதற்குள் நான் போகவில்லை. கறுப்பு அங்கி, தோளில் நீல நிறத்தில் ஒரு அடையாளம். மேல் தண்டு இல்லாத சிலுவை, கிரேக்க 'தௌ' எழுத்து. ஊன்றுகோல் மாதிரியே இருக்கும். கால் போனவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் என்ன நடந்தது? வந்தவரை முதலில் சோதித்துப் பார்ப்பார்கள், உண்மையிலேயே அந்த நெருப்புதானா என்று. ஆமென்றால் சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளைக் கோதுமை ரொட்டி, பன்றி இறைச்சி, திராட்சை ரசம் தருவார்கள். பன்றிக் கொழுப்பில் மூலிகைகள் சேர்த்த களிம்பு பூசுவார்கள். ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளில் அந்தோனியாரின் எலும்புகள் மேல் ஊற்றி எடுத்த ரசம் ஒன்று உண்டு, 'புனித ரசம்' என்று பெயர். அதைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்துப் புண் மேலும் விடுவார்கள். பலருக்கு எரிச்சல் நின்றது. அது அந்தோனியாரின் புதுமை என்று நம்பினார்கள்.

கை கால் காப்பாற்ற முடியாத நிலையில் அறுவை. அதற்குத் தனியாகக் கைதேர்ந்த ஆட்களை வைத்திருந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஹன்ஸ் வான் கெர்ஸ்டோர்ஃப் என்ற அறுவை மருத்துவர் அந்தோனியார் மனையில் நூறுக்கு மேற்பட்ட கை கால்களை எடுத்தவர். 1517-ல் அச்சான அவருடைய நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் இருக்கிறது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், காலை ரம்பத்தால் அறுக்கிறார்கள், கீழே சட்டியில் ரத்தம் வடிகிறது. என் கண் போனது பின்னால் நிற்பவன் மேல். ஏற்கெனவே கை எடுக்கப்பட்டவன், அடையாளத்துக்கு 'தௌ' போட்டிருக்கிறான். கை மொண்டியில் ஒரு பை மாதிரி மாட்டிக் கட்டியிருக்கிறது. காளை அல்லது பன்றியின் மூத்திரப்பை அது. புண்ணுக்கு மேல் உறை மாதிரி இழுத்துக் கட்டினால் கட்டு நழுவாது, ரத்தம் கசியாது. பஞ்சும் பிளாஸ்திரியும் தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் வேலை பார்த்த எனக்கு அந்தக் கட்டைப் பார்த்துக் கை கூப்பத் தோன்றியது. அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு முக்கியம். கை கால் இழந்தவர்களை வெளியே அனுப்பவில்லை. விரும்பினால் சாகும்வரை அங்கேயே இருக்கலாம். தாய் மடத்தில் இவர்களுக்கென்றே ஒரு மனை இருந்தது, 'உறுப்பிழந்தோர் இல்லம்' என்று பெயர். 1200-ல் இங்கிலாந்து ஆயர் லிங்கன் ஊர் ஹியூ அந்த வழியாக வந்தார். கூட வந்த ஆதாம் என்ற துறவி பார்த்ததை எழுதிவைத்தார். வாலிபர், பெண்கள், கிழவர், கிழவிகள், கை இல்லாதவர், கால் இல்லாதவர், சதை வெந்து எலும்பு போனவர். புண் எல்லாம் நன்றாக மூடி, பாதி உடம்போடு முழு ஆரோக்கியமாக நடமாடினார்களாம். புதிதாக வந்து படுத்தவன் கண் திறந்ததும் முதலில் இவர்களைத்தான் பார்த்திருப்பான். இதைவிடப் பெரிய தைரியம் எந்த மருந்து தரும்?

இவ்வளவு பேருக்குச் சோறு போடப் பணம் வேண்டும். இங்கேதான் பன்றி வருகிறது. அந்தக் காலத்து ஊர்களில் பன்றிகள் தெருவில் திரியும். 1131-ல் பாரிஸில் அரசர் ஆறாம் லூயியின் மூத்த மகன் பிலிப், பதினைந்து வயதுப் பையன், குதிரையில் போகும்போது குறுக்கே ஓடிய பன்றியில் குதிரை இடறி விழுந்து இறந்துபோனான். தெருவில் பன்றி விடக் கூடாது என்று தடை வந்தது. அந்தோனியார் பன்றிகளுக்கு மட்டும் பிறகு விலக்கு, கழுத்தில் மணி கட்டியிருக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர்கள் மிச்சம் மீதியைக் கொண்டுவந்து போடுவார்கள். ஊரே சேர்ந்து வளர்த்த பன்றி. கொழுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகும், இறைச்சி நோயாளிக்கு, கொழுப்பு களிம்புக்கு. நேர்ந்துவிட்ட கோயில் காளையை யாரும் விரட்டாமல் தீனி வைப்பது நமக்குத் தெரிந்ததுதானே. அந்தோனியார் கால்நடைகளின் காவலர் ஆனதும் இந்தப் பன்றி வழியாகத்தான். ஜனவரி 17-ல் எங்கள் ஊர் மாடுகள் மேல் விழுகிற தீர்த்தத்தின் ஒரு துளி அங்கேயிருந்து வருகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய 370 ஆஸ்பத்திரிகள் வைத்திருந்தார்கள். பணம் சேர்ந்த இடத்தில் கெட்டதும் சேர்ந்தது. மேலிடத்துப் பதவிகள் பெரிய குடும்பங்களுக்குப் போயின, சபையின் பெயரைச் சொல்லி யார் யாரோ மணி ஆட்டிக் காணிக்கை பிரித்தார்கள். திட்டியவர்கள் நிறையப் பேர், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ரொட்டி தினமும் வெந்தது.

சரி, அந்த ரொட்டிக்கு வருகிறேன். நோயே ரொட்டியில்தான் இருந்தது.

ஏழைகள் தின்றது ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி. மழையும் குளிருமான வருடத்தில் ரை பூக்கும்போது கதிரில் ஒரு பூஞ்சணம் இறங்கும். முதலில் கதிரிலிருந்து தேன் மாதிரி ஒழுகும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருநீலமாக ஒரு முள் வளரும். சேவல் காலில் பின்பக்கம் இருக்குமே, அந்த முள் மாதிரி. பிரெஞ்சில் சேவல் முள்ளுக்குப் பெயர் எர்கட், அதுவே பூஞ்சணத்துக்கும் பெயராகிவிட்டது. தானியத்தோடு அதுவும் அறைபட்டு மாவில் கலந்துவிடும். எர்கட்டில் உள்ள சத்து ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிடித்துவிடும். ரத்தம் போகாத விரல் குளிரும், எரியும், கறுக்கும், விழும். பஞ்ச காலத்தில் பொறுக்கிப் போட யாருக்கு மனசு வரும், கறுப்பையும் சேர்த்தே அரைத்தார்கள். அதனால் ஏழையைத்தான் அது தேடித் தேடிப் பிடித்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கறுப்பு ரொட்டி தின்றவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். யாத்திரை போகிறான். அந்தோனியார் மனையில் கோதுமை ரொட்டியும் இறைச்சியும் கிடைக்கின்றன. விஷம் உள்ளே போவது நின்றுபோகிறது, குழாய்கள் மெல்ல விரிகின்றன. களிம்பு வேலை செய்ததோ என்னவோ, ரொட்டி வேலை செய்தது. சபை பிறப்பதற்கு முன்னாலேயே, 945-ல் பாரிஸில் நோய் வந்தபோது, மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு ஹியூ பிரபு தன் களஞ்சியத்திலிருந்து சோறு போட்டார். பிழைத்தார்கள். சிலர் வீட்டுக்குப் போனதும் நெருப்பு திரும்ப வந்தது, கோயிலுக்கு ஓடிவந்ததும் தணிந்தது. ஃப்ளொதோவார் என்ற குருவானவர் இதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார், மாதாவின் அருள் என்று. விடை கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. 1676-ல் தெனி தொதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதி எர்கட்டையும் நோயையும் சேர்த்துச் சொல்லும்வரை எழுநூறு வருடம் போய்விட்டது. அதற்கும் பிறகு 1853-ல்தான் துலான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அது ஒரு பூஞ்சணம் என்று முழுதாக விளக்கினார்.

தெரியாமல் செய்தார்கள் என்று இதை லேசாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசித்தவனுக்கு ஊரிலேயே நல்ல ரொட்டியைக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு எடுத்திருக்கிறார்கள். மிச்சம் மீதி ரையைக் கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும், ஒருத்தரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

எர்கட் என்ற பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெதர்ஜின்! பழுப்புக் கண்ணாடியில் ஒரு மில்லி ஆம்பியூல், 0.2 மில்லிகிராம். லேபர் ரூம் ஃபிரிட்ஜில் தனி டப்பாவில் இருக்கும், கரண்ட் போனால் முதலில் ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டியது அது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லையென்றால் போடுவோம். போட்டுவிட்டு அடிவயிற்றில் கை வைத்திருந்தால், தொளதொளவென்று இருந்த கர்ப்பப்பை கைக்குக் கீழேயே தேங்காய் மாதிரி இறுகுவது தெரியும். எத்தனை ராத்திரி அந்த இறுக்கத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். எடுக்கும்போதே சீனியர் சிஸ்டர் கேட்பார், "பிபி பார்த்தியா?" பிரஷர் இருக்கிற தாய்க்கு அதைப் போடக் கூடாது, ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். சுருக்கும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். பிரான்சில் விரல்களைக் கருக்கி உதிர்த்த அதே சுருக்கம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மருத்துவச்சிகளுக்கு இது பழைய சங்கதி. 1582-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆதாம் லோனிட்சர் தன் மூலிகை நூலில், பிரசவ வலி வர ரை முள்ளைப் பெண்கள் கொடுப்பதை எழுதினார். 1800களில் அமெரிக்க டாக்டர்கள் பிரசவத்துக்கு முன்னாலேயே கொடுத்து, பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்தன. பிறகுதான் பிரசவத்துக்கு அப்புறம் மட்டும் என்று ஆனது. 1935-ல் லண்டனில் மோய்ரும் டட்லியும் வேண்டிய சத்தைத் தனியே பிரித்தார்கள், எர்கோமெட்ரின். மெதர்ஜின் அதன் தங்கச்சி. நம் நீலகிரியிலும் இதற்காகவே ரை பயிரிட்டு, வேண்டுமென்றே பூஞ்சணம் ஏற்றி எர்கட் எடுத்திருக்கிறார்கள்.

அப்பத்தா ஞாபகம் வந்தது அடுத்த நாள்தான், குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது. விதைக் கம்பை அப்பத்தா உப்புத் தண்ணீர் அண்டாவில் கொட்டும். மேலே மிதப்பதை அரித்து எடுத்துக் குழியில் புதைக்கும். "கோழிக்குக்கூடப் போட்றாத, கெறங்கிப் போயிரும்" என்று சொல்லும். கம்புக்கும் சோளத்துக்கும் வருகிற அந்தக் கேட்டுக்கு வேளாண்மைத் துறை வைத்த பெயர் தேன் ஒழுகல் நோய். எர்கட்டின் கூடப்பிறந்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்பு என்று அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். கம்பில் வருவது கை காலைக் கருக்காது. வாந்தி, தலைசுற்றல், தூக்கம். 1975-ல் ராஜஸ்தானில் அந்தக் கம்பைத் தின்று ஊர் ஊராகப் படுத்தார்கள்.

சபை மெல்லத் தேய்ந்தது. கோதுமையும் உருளைக்கிழங்கும் பரவ, நெருப்பு குறைந்தது. நோயாளி குறைய, ஆட்கள் குறைந்தார்கள். 1770களில் மால்டா வீரர் சபையோடு சேர்த்துவிட்டார்கள், கொஞ்ச நாளில் பிரெஞ்சுப் புரட்சி மிச்சத்தையும் முடித்தது. நான் மியூசியத்தில் பார்த்தது ஈசன்ஹைம் ஊர் அந்தோனியார் மனையில் இருந்த பலிபீடம், அதுதான் புரட்சி நேரத்தில் கோல்மாருக்கு வந்து சேர்ந்தது. 1512-க்கும் 1516-க்கும் நடுவில் மத்தியாஸ் குரூனவால்ட் வரைந்த படங்கள், நிக்லாஸ் ஹாகனௌர் செதுக்கிய சிலைகள்.

நோயாளிகளை அதன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பார்களாம். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பு முழுக்க முள் குத்திப் பச்சை பாரித்திருக்கிறது. உள்ளே ஒரு பலகையில் அந்தோனியாரைப் பேய்கள் போட்டு இழுக்கின்றன, அடிக்கின்றன. இடது கீழ் மூலையில் இருப்பதையும் முதலில் பேய் என்றே நினைத்தேன். கால் தவளைக்கால் மாதிரி சவ்வோடு இருந்தது. பிறகு வயிற்றைப் பார்த்தேன். ஊதிப்போய், தோல் முழுக்கக் கொப்புளம். கை மொண்டி. அவன் யாரையும் அடிக்கவில்லை, தலையைப் பின்னால் சாய்த்துச் சரிந்து கிடக்கிறான். முப்பத்திரண்டு வருடம் வார்டில் இருந்த கண்ணுக்கு அது நோயாளி என்று தெரிய இரண்டு நிமிடம் ஆனது. எதிர் மூலையில் ஒரு சீட்டு வரைந்திருக்கிறது, லத்தீனில். மருமகன் போனில் தேடி வாசித்தார்: "எங்கே இருந்தீர், நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?" அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிக்குள் எழுதி மாட்ட அனுமதித்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த ஜனவரியில் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். சுரூபத்துக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பொங்கல் பொங்குகிறதுவரை நேரம் இருந்ததால் பக்கத்தில் போய்க் குனிந்து பன்றியைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு மேடு. வருடா வருடம் அடித்த கறுப்புப் பெயின்ட் அதை மூடி வைத்திருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன், கீழே மஞ்சள். உபதேசியாரின் பேரன் வந்து பக்கத்தில் நின்று, "என்ன அத்தை தேடுறீங்க?" என்றான்.

"மணி இருக்கு பாரு" என்றேன்.

அவனும் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தான்.